வீட்டு, அலுவலக ஃபயர்வால் அடுக்குகள்: படம் போடுங்கள், அது கவிழ்ந்த நாளையும் சொல்லுங்கள்

#1 நூல்கண்டு

படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியைக் காலிசெய்து என் நெட்வொர்க் சாமான்களை எல்லாம் ஒருவழியாக ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். பெருமைக்குத்தான், வேறு காரணம் இல்லை.

மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். சுவரில் மாட்டிய 6யூ ரேக் (யூ என்பது ரேக்கின் உயரக் கணக்கு). முதல் தட்டில் ஃபைபர் பெட்டி, பிரிட்ஜ் முறையில், அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் லைனை அப்படியே கடத்திவிடும்படி இருக்கிறது. அதற்குக் கீழே விசிறி இல்லாத சின்னக் கணினி, இன்டெல் என்100, 8 ஜிபி ரேம், நான்கு 2.5 ஜி போர்ட், எல்லாம் இன்டெல் ஐ226 சிப். அதில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் ஓடுகிறது. அப்புறம் பேட்ச் பேனல், 16 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுப்பது), ஆகக் கீழே யுபிஎஸ். மாடியில் ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், ஒரே மாடலில் நான்கு கேமரா. விலான், அதாவது ஒரே சுவிட்சில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க், நான்கு: வீட்டுக் கணினிகளுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, டிவி, பல்பு, பிளக் மாதிரி 'ஸ்மார்ட்' சாமான்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று.

வெறும் படமாகப் போட்டால் இந்த இழை கடை விளம்பரம் போல ஆகிவிடும். அதனால் ஒரு நிபந்தனை: உங்கள் அடுக்கு எந்த நாளில் கவிழ்ந்தது, எதனால் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நானே தொடங்குகிறேன்.

ஓபிஎன்சென்ஸில் புதிதாக ஓர் இடைமுகம் சேர்த்தால் அதில் விதி எதுவும் இருக்காது, எல்லாமே அடைத்துத்தான் கிடக்கும். விருந்தினர் விலானை உருவாக்கிய அன்று, இணையம் வரவில்லையே என்று 'எந்த முகவரிக்கும் போகலாம்' என ஒரே ஒரு விதி போட்டேன். வந்தது. சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து வந்திருந்த தம்பி, விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு விளையாட்டாகப் போனில் 192.168.10.1 என்று தட்டினான். ஃபயர்வாலின் உள்நுழைவுப் பக்கம் திறந்தது. அடுத்து 192.168.10.5 என்று தட்டினான், கோப்புகளைச் சேமிக்கும் என் என்ஏஎஸ் பெட்டி. எங்கும் போகலாம் என்றால் எங்கும்தான், பக்கத்து விலானும் அதில் அடக்கம். இது எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது. இப்போது முதலில் டிஎன்எஸ்ஸுக்கு (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) மட்டும் அனுமதி, அதற்குக் கீழே 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற உள் நெட்வொர்க் முகவரித் தொகுதிகள் மூன்றுக்கும், ஃபயர்வாலின் எல்லா முகவரிக்கும் தடை, கடைசியில்தான் 'எங்கும்'.

இன்னும் மிச்சமிருப்பது ஒரே தொந்தரவு. வாசல் கேட் பக்கத்துக் கேமரா ராத்திரியில் இரண்டு மூன்று முறை தானாகவே ரீபூட் ஆகிறது. கேமராதான் மட்டமான பீஸ் போல, வேறு ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

#2 பழையபெட்டி

கேபிள்களை வெல்க்ரோ பட்டையால் கட்டியிருக்கிறீர்கள், அதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. பிளாஸ்டிக் டை போட்டுக் கழுத்தை நெரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நம்முடையது அடுக்கெல்லாம் இல்லை. மேசைக்கு அடியில் பிசி என்ஜின்ஸ் நிறுவனத்தின் ஏபியு2 என்ற சின்னக் கணினி ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். ஏஎம்டி ஜிஎக்ஸ்-412டிசி, நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 4 ஜிபி ரேம், மூன்று இன்டெல் போர்ட். விசிறி கிடையாது, அலுமினியப் பெட்டியே சூட்டை இழுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் அதே நிறுவனத்தின் ஏலிக்ஸ் வைத்திருந்தேன், அதில் எம்0என்0வால் என்ற ஃபயர்வால் மென்பொருள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. அதிலிருந்து 2004-ல் பிரிந்ததுதான் பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015-ல் பிரிந்தது ஓபிஎன்சென்ஸ். எம்0என்0வாலை எழுதியவர் அதே 2015-ல் திட்டத்தை முடித்துக்கொண்டபோது, இனி ஓபிஎன்சென்ஸைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டுத்தான் போனார். ஆக நூல்கண்டு, நீங்கள் ஓட்டுவது என் பழைய பெட்டியின் பேரப்பிள்ளை.

கவிழ்ந்த நாள்: இணைய லைனை 1 ஜிக்கு ஏற்றினேன், வந்தது அதில் பாதிகூட இல்லை. லைன் கொடுத்தவர்களோடு இரண்டு நாள் சண்டை. கடைசியில் கன்சோலைத் திறந்து பார்த்தால் ஒரு கோர் நூறு சதவீதத்தில் திணறுகிறது, மற்ற மூன்றும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. என் லைன் பிபிபிஓஇ, அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் வகை. பிபிபிஓஇ உறைக்குள் வரும் பாக்கெட்டுகளை நெட்வொர்க் கார்டால் பிரித்து வெவ்வேறு கோர்களுக்கு அனுப்ப முடியாது, எல்லாம் ஒரே வரிசையில் வந்து ஒரே கோரின் தலையில் விழும். சண்டை போட்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். லைனை 300-க்கே இறக்கிக்கொண்டேன், இப்போதும் அதுவே மிச்சம்.

#3 புதுமுகம்

எல்லோருக்கும் வணக்கம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடிப்படைக் கேள்விதான். இணையம் கொடுப்பவர் தரும் ரவுட்டரிலேயே ஃபயர்வால் இருக்கிறதே, அதற்கு மேல் இவ்வளவும் எதற்கு? வீட்டில் ஒரு லேப்டாப், இரண்டு போன், ஒரு டிவிதான் இருக்கிறது.

#4 பழையபெட்டி

தம்பி, உங்களுக்கு வேண்டாம். ரவுட்டரில் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேர் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள், யுபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்.

#5 நூல்கண்டு

பழையபெட்டி சொல்வது சரிதான், ஆனால் பாதி சரி. அந்த ரவுட்டர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். உள்ளே ஒன்றை இன்னொன்றிடமிருந்து பிரிக்க முடிவதுதான் அரிது. நான்கு வருடமாக அப்டேட் வராத ஒரு பிளக்கும் உங்கள் கணக்கு வழக்கு உள்ள லேப்டாப்பும் ஒரே அறையில் இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. பல ரவுட்டர்களில் 'விருந்தினர் வைஃபை' என்று ஒன்று இருக்கும், அந்த ஸ்மார்ட் சாமான்களை அதில் தள்ளிவிடுங்கள். செலவில்லாமல் முக்கால்வாசி வேலை முடிந்தது.

உங்கள் லைனில் ஐபிவி6 (இணைய முகவரியின் புது வகை) இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வகையான ஐபிவி4-ல், வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிரும் என்ஏடி இருப்பதால் தெரியாத்தனமாகவே ஒரு மறைப்பு கிடைத்துவிடும். ஐபிவி6-ல் ஒவ்வொரு சாதனத்துக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய சொந்த முகவரி வரும், அங்கே காவல் முழுக்க ஃபயர்வால் விதியின் கையில்தான். அதற்காகப் பயந்துபோய் ஐசிஎம்பிவி6 (ஐபிவி6-ன் தகவல், பிழைச் செய்திகள்) மொத்தத்தையும் அடைக்காதீர்கள். பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு என்று சொல்லும் செய்தி அதில்தான் வரும், அதை அடைத்தால் சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நிற்கும். நான் அடைத்துப் பார்த்திருக்கிறேன்.

#6 இரவுப்பணி

அலுவலகக் கதை ஒன்று. அறுபது பேர், இரண்டு இணைய லைன், இரண்டு ஃபயர்வால்களை கார்ப் ஜோடியாக வைத்திருக்கிறோம். ஒன்று முதன்மை, ஒன்று காத்திருப்பு. இரண்டுக்கும் நடுவில் தனிக் கேபிள், திறந்திருக்கும் இணைப்புகளின் விவரம் அதில் போய்க்கொண்டே இருக்கும், அதனால் முதன்மைப் பெட்டி விழுந்தாலும் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுபடாது. வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி மேலாளருக்குச் செய்து காட்டினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சுவிட்சை மாற்றினோம். மறுநாள் காலையில் பாதிப் பேருக்கு இணையம் இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை, ஐந்து நிமிடத்தில் அந்தப் பாதி இந்தப் பாதி ஆகிறது. கார்ப் ஜோடியில் முதன்மைப் பெட்டி 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) முகவரிக்கு வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். புது சுவிட்சில் யாரோ போட்டுவைத்த மல்டிகாஸ்ட் வடிகட்டி அந்தக் குரலை விழுங்கிவிட்டது. காத்திருந்த பெட்டி, தலைவர் போய்விட்டார் என்று நினைத்துத் தானும் தலைவராகிவிட்டது. இரண்டு தலைவருக்கும் ஒரே மெய்நிகர் மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்). சுவிட்ச் அந்த முகவரியை ஒரு நொடி இந்த போர்ட்டிலும் அடுத்த நொடி அந்த போர்ட்டிலும் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தது.

வடிகட்டியை எடுத்ததும் சரியானது. இதுவாவது கௌரவமான தவறு. அடுத்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அன்று ரேக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் கவனித்தேன், இரண்டு ஃபயர்வாலும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தன. ஒரு சுவிட்சைக் காலால் தட்டினால் தலைவரும் போவார், துணைத் தலைவரும் போவார். கைதட்டல் வாங்கிய ஏற்பாடு அது.

#7 நூல்கண்டு

ஐயோ. இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என்னுடையதைப் பார்த்தேன். யுபிஎஸ்ஸில் எல்லாம் செருகியிருக்கிறது, ஃபைபர் பெட்டி மட்டும் சுவர் பிளக்கில். அதாவது கரண்ட் போனால் ஃபயர்வால், சுவிட்ச், வைஃபை எல்லாம் ஜோராக எரியும், இணையம் மட்டும் இருக்காது. இப்போது மாற்றிவிட்டேன்.

#8 மெய்நிகரன்

எனக்குத் தனிப்பெட்டியே கிடையாது. 32 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினி, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்), அதற்குள் ஒரு விஎம்மாக ஓபிஎன்சென்ஸ். பக்கத்து விஎம்களில் டிஎன்எஸ், கோப்புகள், கேமராப் பதிவு, பாஸ்வேர்டு பெட்டகம் என்று எல்லாம். நான்கு போர்ட் ஐ350 நெட்வொர்க் கார்டு ஒன்று பழைய சாமானாக வாங்கிப் போட்டேன். (அந்தக் கார்டில் போலிகள் நிறையப் புழங்குகின்றன, பார்த்து வாங்குங்கள்.) மின்சாரம் மிச்சம், இடம் மிச்சம். அப்டேட் போடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், சொதப்பினாலும் ஒரு நிமிடத்தில் பழையபடி.

கவிழ்ந்த நாள்: ஹோஸ்டை, அதாவது அந்தக் கணினியையே, ரீபூட் செய்தேன், வட்டு ஒன்று படுத்துவிட்டது, எழவில்லை. சரி, இணையத்தில் தீர்வு தேடலாம் என்றால் இணையமே அந்தப் பெட்டிக்குள்தான். போன் டேட்டாவில் தேடி, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு ரூட் பாஸ்வேர்டு வேண்டும். அது பெட்டகத்தில். பெட்டகம் எங்கே? அதே பெட்டிக்குள்.

#9 பழையபெட்டி

சாவியை உள்ளே வைத்துப் பூட்டினவர் நீங்கள்தானா. இதற்காகத்தான் ஃபயர்வால் தனியாக இருக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். அதற்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

#10 மெய்நிகரன்

அண்ணா, தப்பு பாஸ்வேர்டை வைத்த இடத்தில், விஎம்மில் இல்லை. இப்போது அதைக் காகிதத்தில் எழுதி டிராயரில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே இருந்து ஒருவன் என் டிராயரைத் திறக்க முடியாது. உங்கள் ஏபியு2 செத்தால் என்ன செய்வீர்கள்? அந்த நிறுவனம் இந்த வரிசையையே நிறுத்திவிட்டது. என் விஎம்மின் பேக்கப்பை எந்தக் கணினியிலும் ஏற்றி அரை மணியில் எழுப்பிவிடலாம்.

#11 பழையபெட்டி

அமைப்புக் கோப்பு ஒரே ஒரு எக்ஸ்எம்எல், பென் டிரைவில் இருக்கிறது. இன்னொரு ஏபியு2-வும் டப்பாவில் இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காதீர்கள்.

#12 இரைச்சல்

என் பாவத்தையும் எழுதிவிடுகிறேன். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய 1யூ சர்வர் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இலவசம் என்றதும் கண் தெரியவில்லை. அதில் பிஎஃப்சென்ஸ் போட்டுப் படுக்கையறைச் சுவருக்கு அடுத்த பக்கம் வைத்தேன். 1யூ பெட்டியில் விசிறிகள் 40 மிமீதான் இருக்க முடியும், அந்தச் சின்ன விசிறி காற்றைத் தள்ள வேண்டுமானால் பேய் வேகத்தில் சுற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அது ஒரு கொசு மாதிரி, ஆனால் ஆள் உயரக் கொசு.

மின் அளவியை மாட்டிப் பார்த்தேன், சும்மா இருக்கும்போதே 68 வாட். வருடம் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 596 யூனிட். இப்போது இருக்கும் விசிறியில்லாப் பெட்டி 11 வாட், அதே கணக்கில் 96 யூனிட். பழைய பெட்டி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜே1900 சிப் உள்ளதை விபிஎன்னுக்காக வாங்காதீர்கள், அதில் ஏஇஎஸ் குறியாக்கத்தை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ்-என்ஐ வசதி கிடையாது. ஏஇஎஸ் குறியாக்கம் பயன்படுத்தும் விபிஎன் அதில் நொண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மட்டும்தான் என்றால் அந்தக் கவலை இல்லை, அது சாச்சா20 என்ற வேறு குறியாக்கத்தில் ஓடுவது.

#13 கிரிம்பர்அக்கா

எனக்கு வேலையே கேபிள் இழுப்பதுதான், ஃபயர்வால் விதியெல்லாம் உங்கள் பாடு. நூல்கண்டு, இரண்டு விஷயம்.

ஒன்று, மூன்றாவது படத்தை உடனே எடுத்துவிட்டு மாற்றிப் போடுங்கள். ஆக்சஸ் பாயிண்டின் முதுகில் உள்ள ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிகிறது, மேக் முகவரி, சீரியல் எண் எல்லாம் வாசிக்க முடிகிறது. வைஃபை மேக் முகவரிகளை இடத்தோடு சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன, வீடு எங்கே என்று தேடிவிடலாம். ஊரைக் கூட்டிப் பாதுகாப்பைக் காட்டும் படத்தில் இது வேண்டாமே.

இரண்டு, அந்தக் கேட் கேமரா. ராத்திரியில் மட்டும்தானா? பகலில் ஒருமுறைகூட இல்லையா? உங்கள் சுவிட்சில் போர்ட் வாரியாக பிஓஇ எத்தனை வாட் என்று காட்டும் பக்கம் இருக்கும். பகலில் ஒருமுறை, இருட்டின பிறகு ஒருமுறை நான்கு கேமராவுக்கும் பார்த்து எழுதுங்கள்.

#14 நூல்கண்டு

ஸ்டிக்கர் விஷயத்துக்கு நன்றி அக்கா, படத்தை மாற்றிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வாட் கணக்கை இன்று ராத்திரி பார்க்கிறேன், ஆனால் கேமராதான் மட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. வயர் புதுசு.

#15 சும்மாபார்க்கிறேன்

இடையில் ஒன்று கேட்கிறேன். சுரிக்காட்டா (போக்குவரத்தில் ஊடுருவலைத் தேடி எச்சரிக்கும் மென்பொருள்) போட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே ஏதாவது பிடித்ததா? நான் போட்ட முதல் நாளே நானூறு எச்சரிக்கை, எல்லாம் என் டிவி.

#16 இரவுப்பணி

வீட்டில் போட்டேன், மூன்று மாதத்தில் எடுத்துவிட்டேன். வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி டிஎல்எஸ் என்ற குறியாக்க உறைக்குள் போகிறது, சுரிக்காட்டாவால் உறையின் மேல் எழுதியிருப்பதைத்தான் வாசிக்க முடியும், உள்ளே இருக்கும் கடிதத்தை இல்லை. அதற்காகப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், அங்கே எச்சரிக்கையைத் தினமும் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் இருக்கிறார். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது ஹீட்டர் மாதிரி, பெட்டியைச் சூடாக்கும், அவ்வளவே.

வீட்டில் எனக்கு அதைவிட உதவியது டிஎன்எஸ் பதிவு. எந்தப் பெட்டி எந்தப் பெயரைக் கேட்கிறது என்பதை ஒரு வாரம் பார்த்தாலே போதும். என் கேமரா ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு வெளி சர்வரின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேமரா விலானிலிருந்து வெளியே போகும் வழியை முழுக்க அடைத்தேன். அப்புறம் அடைத்தும் போய்க்கொண்டே இருந்ததே என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏற்கெனவே திறந்த இணைப்புக்குப் புது விதி பொருந்தாது, ஃபயர்வாலின் நினைவில் அந்த இணைப்பு இருக்கும்வரை பாக்கெட் தடையில்லாமல் போகும். நிலைப் பட்டியலில் அந்த இணைப்பை அழித்ததும் அடங்கியது.

#17 சும்மாபார்க்கிறேன்

ஆகா, இதுதானா. நான் விதி வேலை செய்யவில்லை என்று மூன்று முறை அழித்து எழுதினேன்.

#18 புதுமுகம்

படித்துக்கொண்டே இருக்கிறேன், பாதி புரிகிறது. நூல்கண்டு அண்ணா சொன்னபடி டிவியை விருந்தினர் வைஃபைக்கு மாற்றினேன். இப்போது போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை, டிவியே பட்டியலில் வரவில்லை. அம்மா என்னைத் திட்டுகிறார்.

#19 மெய்நிகரன்

திட்டத்தான் செய்வார். போன் டிவியைத் தேடுவது எம்டிஎன்எஸ் வழியாக, 224.0.0.251 என்ற முகவரிக்கு, போர்ட் 5353. அது ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் கேட்கும் குரல், வேலியைத் தாண்டாது. எங்களைப் போல் ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் அந்தக் குரலை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல ஒரு ரிப்பீட்டர் போட்டுக்கொள்வோம், அதோடு வீட்டு விலானிலிருந்து டிவிக்குப் போக ஒரு விதி. உங்கள் ரவுட்டரில் அது இருக்க வாய்ப்பில்லை. டிவியைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள், பல்பும் பிளக்கும் மட்டும் அந்தப் பக்கம் இருக்கட்டும். வீட்டில் சமாதானம் முக்கியம்.

#20 இரைச்சல்

அம்மா என்றதும் ஞாபகம் வந்தது. நான் வெளியூர் போனபோது இணையம் நின்றுவிட்டது, வீட்டில் யாருக்கும் எதைத் தொடுவது என்று தெரியவில்லை, நான்கு நாள் அப்படியே இருந்தார்கள். இப்போது ரேக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். '1 என்று ஒட்டிய பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எதையும் தொடாதீர்கள், லைன்காரருக்குப் போன் செய்யுங்கள். சிவப்பு இல்லையென்றால் 2 என்று ஒட்டிய பெட்டியின் பொத்தானை ஒருமுறை லேசாக அமுக்குங்கள், விளக்கு அணையும்வரை பொறுத்துத் திரும்ப அமுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் 3 என்ற நீலக் கேபிளை 2-லிருந்து எடுத்துப் பழைய ரவுட்டரில் செருகுங்கள்.' பழைய ரவுட்டர், லைன் பாஸ்வேர்டு எல்லாம் போட்டு, அதே வைஃபை பெயரோடு, தயாராகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. என் அடுக்கிலேயே எனக்குப் பிடித்தது அந்தத் தாள்தான்.

#21 பழையபெட்டி

இந்த இழையின் சிறந்த வன்பொருள் அந்தத் தாள். நாளைக்கே நானும் எழுதி ஒட்டுகிறேன்.

#22 நூல்கண்டு

அக்கா கேட்ட கணக்கு. பகலில் நான்கும் சுமாராக 4 வாட். இருட்டி, இரவு விளக்குகள் எரிந்த பிறகு மூன்று கேமராவுக்கு 7.2, 7.1, 7.2. கேட் கேமராவுக்கு மட்டும் 9.6. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யத்துக்குப் போய்த் திரும்ப வந்தது. கேமராவே அதிகம் இழுக்கிறது, மட்டமான பீஸ்தான் என்பது உறுதியாகிவிட்டதே?

#23 கிரிம்பர்அக்கா

அவசரப்படாதீர்கள். நான்கும் ஒரே மாடல் என்று நீங்களே சொன்னீர்கள். மூன்றும் 7.2 கேட்கும்போது நான்காவது மட்டும் ஏன் 9.6 கேட்க வேண்டும்? சுவிட்ச் காட்டுவது தன் வாயிலிருந்து போகும் வாட், கேமராவின் வாய்க்குப் போய்ச்சேரும் வாட் இல்லை. நடுவில் 2.4 வாட் எங்கோ சூடாகப் போகிறது.

சுவிட்ச் 48 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 9.6 வாட்டுக்கு 0.2 ஆம்பியர். 2.4 வாட்டை 0.2-ஆல் வகுத்தால் 12 வோல்ட். அதாவது வழியில் 12 வோல்ட் தொலைந்து கேமராவுக்கு 36 தான் கிடைக்கிறது. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின்படி கேமராவுக்கு 37 வோல்ட்டாவது வர வேண்டும். பகலில் பாதி மின்னோட்டம்தான், தொலைவதும் பாதிதான், அதனால் சமாளிக்கிறது. ராத்திரி விளக்கு எரிந்ததும் கீழே விழுந்து ரீபூட். அந்த மாடலுக்குத் தாங்கும் சக்தி இன்னும் கொஞ்சம் இருப்பதால்தான் இரண்டு மூன்று முறையோடு நிற்கிறது.

கேபிள் எத்தனை மீட்டர்? பெட்டியின் மேல் சிசிஏ என்று போட்டிருந்ததா? நடுவில் இணைப்பு எங்கே இருக்கிறது?

#24 நூல்கண்டு

60 மீட்டர் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டாயிற்று, மேலே 'கேட்6' என்றுதான் இருந்தது, எடை குறைவாக இருந்ததால் சுமக்க வசதியாக இருந்தது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. இணைப்பு எதுவும் இல்லை, ஒரே ஓட்டம்.

#25 கிரிம்பர்அக்கா

எடை குறைவு என்றதுமே சந்தேகம் வருகிறது. சிசிஏ என்றால் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அது கேட்6 தரத்தில் சேராது, பெட்டியின் மேல் என்ன அச்சடித்தாலும் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், 60 மீட்டர் சிசிஏ மட்டும் இருந்தால் இந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வோல்ட்கூடத் தொலையாது. மிச்சம் பத்து வோல்ட்டை ஓர் இணைப்புதான் தின்ன முடியும். அலுமினியம் காற்றுப் பட்டால் மேலே ஒரு படலம் கட்டும், அது மின்சாரத்தைக் கடத்தாது, வெளியே ஈரத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கோ ஓர் இணைப்பு இருக்கிறது தம்பி, நன்றாக யோசியுங்கள்.

#26 மெய்நிகரன்

பாப்கார்ன் எடுத்து வைத்துவிட்டேன்.

#27 நூல்கண்டு

ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் கேட்டை நகர்த்திக் கட்டினபோது கேமராவையும் மூன்று மீட்டர் தள்ளினேன். கேபிள் எட்டவில்லை, ஒரு கப்ளர் போட்டு நீட்டி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மதில் மேல் திருகினேன். சுத்தமாக மறந்துவிட்டேன். இப்போது ராத்திரி பத்து மணி, ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்தேன். டப்பா இளஞ்சூடாக இருக்கிறது.

#28 கிரிம்பர்அக்கா

இருட்டில் ஏணி வேண்டாம். காலையில் சுவிட்சில் அந்த போர்ட்டின் பிஓஇயை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டுங்கள்.

#29 நூல்கண்டு

திறந்தேன். படம் இணைத்திருக்கிறேன், ஸ்டிக்கர் எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். கப்ளரின் உள்ளே இரண்டு பின் பழுப்பாக நிறம் மாறியிருக்கிறது, சுற்றி பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிய மாதிரி. கிரிம்ப் செய்த தலையை வெட்டினால் உள்ளே வெள்ளைத் தூள். பிளேடை ஒரே ஒருமுறை லேசாக இழுத்தேன், செம்பு நிறம் உரிந்துகொண்டு போனது, உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு. இதே பெட்டியிலிருந்துதான் மற்ற மூன்று கேமராவுக்கும் இழுத்தேன். அவை வீட்டுக்குள்ளேயே, இணைப்பு இல்லாமல் இருப்பதால் தப்பித்திருக்கின்றன போல.

#30 கிரிம்பர்அக்கா

முழுச் செம்பு, வெளியில் போடும் வகை, ஒரே ஓட்டமாக இழுங்கள். மற்ற மூன்றையும் ஒருநாள் மாற்றுங்கள், இன்றே இல்லை.

#31 நூல்கண்டு

இரண்டு நாள் ஆயிற்று. புதுக் கேபிள், சுமக்கும்போதே தோள் சொன்னது இது வேறு என்று. ராத்திரி 7.3 வாட், ஒரு ரீபூட்கூட இல்லை. ஒரு பிரச்சினை, சொல்லிவைத்த புதுக் கேமரா இன்று காலை வந்து சேர்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியாதாம்.

#32 இரவுப்பணி

பின்பக்கச் சுவர் காலியாகத்தானே இருக்கிறது. எந்த யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#33 பழையபெட்டி

நானும் டப்பாவைத் திறந்து அந்த இரண்டாவது ஏபியு2-வை எடுத்தேன். அடாப்டரைக் காணோம்.